மூச்சு விடாத கல்லீரல்

போன் அலறியது!

கடலோரக் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் அப்போதுதான் முதல் வடையைக் கடித்திருந்தார். எடுத்தார்.

"ஹலோ... யாரு?"

மறுமுனையில் இருமல். நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு வரும் நீளமான இருமல்.

"சார்... நான் கிளைட்டன் பேசுதேன்."

வடை மேஜைக்கு அடியில் உருண்டது.

கிளைட்டன்! அட்டை கிளைட்டன்! தடை செய்யப்பட்ட கடல் அட்டையைக் காயப்போட்டு, மூட்டை கட்டி, இலங்கைக்குக் கடத்துகிறவன். எத்தனையோ வருஷமாக அருமைநாயகத்தின் கையில் அகப்படாமல் வழுக்கிக்கொண்டிருப்பவன். அதற்கு அந்த அட்டையே தேவலாம்!

"எங்கலே இருக்க?"

"வீட்லதான் சார்."

"எந்த வீட்ல?"

"எங்க வீட்ல சார். நீங்க ரெண்டு மட்டம் கதவ ஒடச்சியள்லா... அதே வீடு."

அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன விஷயம்?"

"எனக்கு நாள் குறிச்சாச்சு சார். ஈரல்ல கேன்சராம்! ஸ்கேன்ல வந்துட்டு. பாவத்தோட போவ மனசில்ல. வாங்க... எல்லாத்தையும் சொல்லிடுதேன்."

"ஏலே, இது ஏதும் புது டெக்னிக்கா?"

"சாகுறது பழைய டெக்னிக்தான் சார்..."

மறுபடி இருமல். லைன் கட்!

அடுத்த நிமிடம் ஜீப் திரேஸ்புரத்தைப் பார்த்துப் பாய்ந்தது.

கிளைட்டன் தரையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஜெபமாலை. மடியில் பெரிய ஸ்கேன் கவர். பக்கத்தில் அவன் மனைவி ஜெப்ஸி, சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

பாவம்... அழுகிறாள் என்று நினைத்தார் அருமைநாயகம்.

"முள்ளக்காடு உப்பளத்துல கடைசிப் பாத்தி சார்," கிளைட்டன் ஆரம்பித்தான். "உப்பு அம்பாரத்துக்கு அடியில தார்ப்பாய் போட்டு வச்சிருக்கேன். அம்புட்டும் அட்டை! படகு யாரோடது, அக்கரையில வாங்குறவன் யாரு... எல்லாம் சொல்லுதேன். என் ஆத்மாவுக்கு மட்டும் ஒரு பூசை வைக்கச் சொல்லுங்க."

ஹெட் கான்ஸ்டபிள் முத்துமணி எழுத எழுத, பேனா சூடேறியது.

அருமைநாயகத்துக்கு உள்ளுக்குள் நாதஸ்வரம் வாசித்தது. வெளியே முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்.

"வருத்தப்படாதல கிளைட்டன். எல்லாரும் ஒரு நாள் போவத்தான் செய்யணும்."

"நீங்க ஒண்ணும் ரொம்ப வருத்தப்படுத மாதிரி தெரியலியே சார்?"

"ச்சே... ச்சே!"

ஜெப்ஸி மெதுவாகக் குறுக்கே வந்தாள்.

"சார்... இந்தப் படத்தப் பெரியாஸ்பத்திரியில யாராவது நல்ல டாக்டர்ட்ட ஒருக்கா காட்டினா என்ன? இன்னைக்கே... இப்பமே காட்டினா நல்லது."

"எதுக்கும்மா இம்புட்டு அவசரம்?"

அவள் ஸ்கேன் கவரை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

டாக்டர் ஜெயபிரியா ஸ்கேன் படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிற டாக்டர் அவள். அதைவிட முக்கியமான தகுதி ஒன்று உண்டு. அருமைநாயகத்தின் மனைவியின் தங்கை. அத்தானைக் கிண்டல் செய்வது அவளுடைய பிறப்புரிமை!

"என்ன அத்தான், வயித்துக்குள்ள கள்ளக்கடத்தலா? இங்கன எதுக்கு வந்திய?"

"ஏளா, வெளாட்டெல்லாம் பொறவு. இது அட்டை கிளைட்டன் ஸ்கேன். வெளிய ஸ்ட்ரெச்சர்ல படுத்துக் கெடக்கான். கேன்சர் உண்டா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

ஜெயபிரியா படத்தின் மேல் குனிந்தாள். சிரிப்பு மறைந்தது.

"உண்டு."

"நெசமாவா?"

"இங்கன பாருங்க. கை நரம்பு வழியா மருந்த ஏத்தி, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு மூணு மட்டம் படம் எடுப்போம். முதல் படத்துல, மருந்து வந்த ஒடனே இந்தக் கட்டி மட்டும் பளபளன்னு மின்னுது. சுத்தி இருக்க ஈரல் இன்னும் மங்கலாத்தான் இருக்கு."

"ஆமா..."

"அடுத்த படத்துல பாருங்க. ஈரல் பூரா வெளிச்சம். கட்டி மட்டும் இருட்டு!"

"அப்படின்னா?"

"உங்கள மாதிரிதான் அத்தான். கல்யாண வீட்ல முதப் பந்தியிலயே உக்காந்து மொக்கிட்டு, மத்தவுக உக்காரும்போது கைகழுவிட்டு நிப்பியள்லா... அந்தப் புத்தி கேன்சர் கட்டிக்கு உண்டு. சீக்கிரம் இழுக்கும், சீக்கிரம் விட்டுரும். ஏற்கெனவே மஞ்சக்காமாலை வைரஸ் இருக்குற ஆளுக்கு இப்படி ஒரு படம் வந்தா, அது கேன்சர்தான். ரிப்போர்ட்லயும் அந்த பி வைரஸ் இருக்குன்னு எழுதியிருக்காவ."

"பொழைப்பானா?"

"கட்டி சின்னது. ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு. இப்பமே கவனிச்சா நல்லாவே பொழைக்கலாம். விட்டா..." ஜெயபிரியா கையை விரித்தாள். "கொஞ்ச மாசத்துல கதையே வேற."

வெளியே ஸ்ட்ரெச்சரிலிருந்து இருமல் கேட்டது. லொக்... லொக்... லொக்...

ஜெயபிரியா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அத்தான்... அது யாரு இருமுதது?"

"அவன்தான். பீடி! பொறந்ததுல இருந்து ஊதுதான்."

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"கிளைட்டன் அண்ணாச்சி, மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க பாப்போம்!"

கிளைட்டன் இழுத்தான். கண்ணை மூடினான். மூன்று எண்ணுவதற்குள் வெடித்தது இருமல். ஸ்ட்ரெச்சரே ஆடியது!

ஜெயபிரியா கதவைச் சாத்தினாள்.

"அத்தான்... இது அவர் ஈரல் இல்ல!"

"என்னளா சொல்லுத? மேல கிளைட்டன்னு பேர் போட்டிருக்கு!"

"பேர் என்னவும் போடும். படம் பொய் சொல்லாது. மூச்சு விட்டா ஈரல் மேலயும் கீழயும் ஏறி எறங்கும். இவர ஸ்கேன் எடுத்தா, பஸ்ல போய்க்கிட்டே எடுத்த போட்டோ மாதிரி கலங்கி இருக்கும். இது எப்படி இருக்கு? கல்லுல செதுக்கின மாதிரி! நல்ல ஆளுக்கே ஒவ்வொரு மட்டமும் மூச்சு கூடக் கொறைய இருக்கும். இங்கன பாருங்க... அடுத்தடுத்த படத்துல ஈரல் மயிரிழை அசையல!"

"அதுக்கு?"

"நுரையீரலப் பாருங்க. எம்புட்டு விரிஞ்சு, ஈரலக் கீழ தள்ளிக்கிட்டு நிக்கு! இது மூச்சப் பிடிச்சுப் பொழைக்கிறவன் உடம்பு அத்தான்."

அருமைநாயகத்தின் வாய் திறந்தது.

"முங்கு குளிக்கிறவனா? சங்கு எடுக்கிறவனா?"

"பரவால்லையே... போலீஸ் மூளை வேல செய்யுதே!"

அந்த மூளையில் வேறொரு மணியும் அடித்தது. அட்டை கிளைட்டனுக்கு நோய் இல்லையென்றால்... வாக்குமூலம்? அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே!

"ஜெயா... நல்லாக் கேளு. சாயங்காலம் வரைக்கும் இதப் பத்தி வெளிய மூச்சு விடாத!"

ஜெயபிரியா அவரையே பார்த்தாள்.

"அத்தான். இந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் கையில இப்ப என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும்?"

"உங்க அட்டை கிளைட்டனோட ரிப்போர்ட்! 'ஒண்ணுமில்ல, நார்மல்'னு நெனச்சுக்கிட்டு, உள்ள கட்டிய வச்சுக்கிட்டு, ஊருக்குள்ள சிரிச்சிக்கிட்டுத் திரியுதார்! நாம கண்டுபிடிக்கலன்னா, அவர் திரும்ப ஸ்கேன் எடுக்க வரும்போது எடுக்குறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது!"

அருமைநாயகம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"அந்த ஸ்கேன் சென்டருக்குப் போன் போடு!"

ஸ்பீக்கரில் டெக்னீஷியன் பாண்டியராஜின் குரல் பதறியது.

"அந்த ஆளா மேடம்? ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்! எங்க மெஷின் இந்தியில பேசும். நான் மைக்ல 'மூச்சப் பிடிங்க'ன்னு தமிழ்ல சொல்லிட்டேன். 'விடுங்க'ன்னு மெஷின் இந்தியில சொல்லிட்டு."

"அவர்?"

"அவருக்கு இந்தி தெரியாதுல்லா? விடவே இல்ல மேடம்! ஒரு படம் முடிஞ்சு... ரெண்டாவது படமும் முடிஞ்சு... நெஞ்சு அசையல! செத்துட்டார்னு நெனச்சு நான் கத்தின கத்துல வெளிய இருந்த பேஷன்ட் பாதி ஓடிட்டாவ. கிட்டப் போய்ப் பார்த்தா கண்ண மட்டும் உருட்டுதார். 'விடுங்கண்ணாச்சி'ன்னு கும்பிட்ட பொறவுதான் விட்டார். 'நீ சொல்லலியே தம்பி'ங்கார்!"

ஜெயபிரியா சிரித்துவிட்டாள். அருமைநாயகம் சிரிக்கவில்லை.

"அவர் பேர் என்னல?"

"கிளைட்டன் சார்."

"ஏலே... அட்டை கிளைட்டன் இல்லல! இந்த மூச்சு விடாத ஆளு பேரக் கேக்கேன்."

"அவரும் கிளைட்டன்தான் சார்! அன்னைக்கு ரெண்டு கிளைட்டன். கவுன்டர்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கவரக் குடுத்தாவ."

அருமைநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஊருக்குள் யாரும் இப்படிக் குழம்ப மாட்டார்கள். கடற்கரையில் அவன் அட்டை கிளைட்டன், இவர் சங்கு கிளைட்டன். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஸ்கேன் சென்டர்காரர்கள் பேரை மட்டும் எழுதி, பட்டத்தை விட்டுவிட்டார்கள்!

பாண்டியராஜ் கொடுத்த நம்பரைப் போட்டார். சுவிட்ச் ஆஃப்! வீட்டு நம்பரை எடுத்தது ஒரு பெண்.

"அவுக இல்லையே. சரக்குத் தோணில மாலத்தீவுக்குப் போறாவ. அங்கன ஒரு வருஷம் வேல. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்த சந்தோஷத்துல இன்னைக்கே கெளம்பிட்டாவ. பழைய துறைமுகத்துல தோணி இப்ப விட்டுரும்."

ஒரு வருஷம்!

அருமைநாயகமும் ஜெயபிரியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் முத்துமணி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"சார்! அந்தப் பொம்பள ஜெப்ஸியக் காணோம்! வாசல்ல ஆட்டோ பிடிச்சுப் பறந்துட்டா!"

"எங்கன?"

"வேற எங்கன சார்? உப்பளத்துக்குத்தான்! புருஷன் எடத்தச் சொன்னத நின்னு கேட்டா. சரக்க மாத்தப் போறா! விரட்டினா பிடிச்சிரலாம் சார்... ஜீப் ஒண்ணுதான் இருக்கு!"

அருமைநாயகம் நின்றார்.

ஒரு பக்கம் உப்பளம். இத்தனை வருஷமாகக் கனவில் வந்த அட்டை மூட்டைகள். பேப்பரில் போட்டோ வரும்!

இன்னொரு பக்கம் பழைய துறைமுகம். பட்டப்பேரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு கிளைட்டன்.

"அத்தான்," ஜெயபிரியா மெல்லச் சொன்னாள். "உப்புக்கு அடியில கெடக்க அட்டை செத்துப் போச்சு. அது இனிமே சாவாது."

அருமைநாயகம் பல்லைக் கடித்தார்.

"முத்துமணி! நீ பைக்ல உப்பளத்துக்குப் போ. ஜெயா... ஜீப்ல ஏறு!"

"முன்னாடியா பின்னாடியா?"

"ஏறுளா!"

பழைய துறைமுகத்தில் ஒரே கூச்சல்!

காய்கறி மூட்டையும் செங்கலும் ஏற்றிக்கொண்டு தோணி தயாராக நின்றது. ஆனால் நகரவில்லை. கரையில், தோணியின் கயிறு சுற்றிக் கட்டியிருந்த இரும்புத் தூணின் மேல் ஒரு பெண் ஏறி உட்கார்ந்திருந்தாள். கயிற்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"ஏ தாயீ, எந்திரி! தோணிய விடணும்!"

"எந்திரிக்க மாட்டேன்!"

"தள்ளி விட்டுருவோம்!"

"தொட்டுப் பாருங்கலே!"

அருமைநாயகம் ஜீப்பிலிருந்து குதித்தார். அந்த முகத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஜெப்ஸி!

"நீ... நீ உப்பளத்துக்குப் போகலியா?"

"எதுக்கு? வீட்ல உப்பு இருக்கு சார்! அந்தா... தோணில நிக்கார் பாருங்க, அவர மொதல்ல எறக்குங்க!"

தோணியின் ஓரத்தில் அகன்ற நெஞ்சோடு ஒரு மனிதர் நின்றார். கையில் ஸ்கேன் கவர். முகம் பூராவும் சிரிப்பு.

"சார், இந்தத் தங்கச்சி என்னப் போவாதங்கா. எனக்கு ஒண்ணுமில்லன்னு பேப்பரே இருக்கு. இந்தா பாருங்க!"

ஜெயபிரியா பலகையில் ஏறி அவர் அருகே போனாள்.

"அண்ணாச்சி, நான் டாக்டர். அந்தக் கவர் உங்களுது இல்ல. மாறிப் போச்சு."

"அதெப்படி? கிளைட்டன்னு போட்டிருக்கே!"

"பேர விடுங்க. படத்த எடுத்து வெயில்ல தூக்கிப் பாருங்க."

அவர் படத்தை உருவித் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிறத்தில் எல்லாம் கலங்கிக் கிடந்தது. ஓரம் எது, நடு எது என்றே தெரியவில்லை.

"என்னம்மா இது... தண்ணி பட்டுட்டா?"

"இல்ல. இது இருமிக்கிட்டே எடுத்த படம். இந்தப் படத்துக்காரர் மூணு எண்ணுத வரைக்கும் மூச்சப் பிடிக்க மாட்டார்."

சங்கு கிளைட்டனின் சிரிப்பு போனது. முகத்தில் கோபம் ஏறியது.

"மூணு எண்ணுத வரைக்குமா? ச்சீ! எவன் படத்த என் பேர்ல குடுத்திருக்கான்? நான் அசையவே இல்லையே! அந்தத் தம்பி கும்பிட்டுக் கேட்ட பொறவுதானே விட்டேன்! கடல்ல எவன்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, நான்..."

பேச்சு பாதியில் நின்றது.

அலை மட்டும் பலகையில் தட்டியது.

"அப்ப..." அவர் குரல் இறங்கியது. "என் படம் எங்கன இருக்கு டாக்டரம்மா?"

"என்ட்ட இருக்கு அண்ணாச்சி."

"அதுல என்ன போட்டிருக்கு?"

ஜெயபிரியா ஒளிக்கவில்லை.

"ஈரல்ல கட்டி. கேன்சர்தான். ஆனா சின்னது. ஆபரேஷன் பண்ணி எடுக்குறதுக்குத் தோதான எடத்துல இருக்கு. இன்னும் டெஸ்ட் எல்லாம் பாக்கணும். இன்னைக்கே வந்தியன்னா நாம முந்திக்கிடலாம். மாலத்தீவு போயிட்டு வந்தியன்னா அது முந்திக்கிடும்."

அவர் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரிட்ட நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா. எனக்கு அங்கன மட்டும் மூச்சு நிக்காது."

அவர் பலகையில் இறங்கி வந்தார். அருமைநாயகம் கையைக் கொடுத்தார்.

ஜெப்ஸி அப்போதுதான் தூணிலிருந்து இறங்கினாள். இந்தத் தடவை நிஜமாகவே அழுதாள்.

"ஜெப்ஸி," அருமைநாயகம் அவள் பக்கம் திரும்பினார். "படத்தப் பார்த்து டாக்டர் கண்டுபிடிச்சா. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"எனக்கு வீட்டுக்குப் போன ஒடனே தெரிஞ்சிட்டு சார். அதுல நாப்பத்திரண்டு வயசுன்னு போட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு நாப்பத்தாறு. கட்டினவளுக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவர் மருந்துக்கடைக்காரர்ட்ட ரிப்போர்ட்டக் காட்டிட்டு வந்து, என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'ஜெப்ஸி, இனி தப்பு பண்ண மாட்டேன், உன்ன நல்லா வச்சிருந்திருக்கணும்'னு அழுதார் சார்! கல்யாணம் ஆனதுல இருந்து அப்படி ஒரு வார்த்த கேட்டதில்ல. இன்னும் அஞ்சு நிமிஷம் கேட்டுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன்..."

"சொன்னியா?"

"அதுக்குள்ள உங்களுக்குப் போனப் போட்டுட்டாரே! நீங்க வந்ததும் சரி, இதோட திருந்திருவார், டாக்டர் பாத்துச் சொல்லிருவாவன்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கும்போதுதான் சார் திக்குன்னுச்சு. இந்த அண்ணாச்சி ஸ்கேன் சென்டர்ல என் பக்கத்துலதான் இருந்தார், அவர் பேரும் கிளைட்டன்னு சொன்னார். ரிப்போர்ட் நல்லா இருந்தா இன்னைக்கே தோணில மாலத்தீவு போறேன்னு ஆசையாச் சொன்னார். என் சந்தோஷத்துக்கு இவர் உயிரா? எடுத்தேன் ஓட்டம்!"

அருமைநாயகம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உன்ன எந்த செக்ஷன்ல போடுறதுன்னே தெரியலியேம்மா!"

"மனைவிங்குற செக்ஷன்ல போடுங்க அத்தான்," என்றாள் ஜெயபிரியா. "அதுக்கு ஜாமீனே கெடையாது."

ஆஸ்பத்திரியில் அட்டை கிளைட்டன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லையா? நெசமாவா? டாக்டரம்மா... நெசமாவா?"

"கேன்சர் இல்ல அண்ணாச்சி. ஆனா நெஞ்சு நெறயப் பொகை. பீடிய விட்டுருங்க."

"மாதாவே!" அவன் ஜெபமாலையை முத்தமிட்டான். அடுத்த நொடி முகம் கறுத்தது. "ஐயையோ! எல்லாத்தையும் சொல்லிட்டேனே!"

"சொன்னதோட இல்ல," அருமைநாயகம் செல்போனை நீட்டினார். முத்துமணி அனுப்பிய போட்டோ. உப்பு அம்பாரம், தார்ப்பாய், வரிசையாக மூட்டைகள். "நீ கையெழுத்தே போட வேண்டாம். சரக்கு அதுவே பேசுது. படம் மாறினது மொதல்லயே ஒரு ஆளுக்குத் தெரியும்ல, உன்ட்ட வாயத் தொறக்கல."

கிளைட்டன் தலையில் கைவைத்தான். பிறகு கத்தினான்.

"சார்! என்ன உள்ள போடுங்க, பரவால்ல! ஆனா படம் மாறினது தெரிஞ்சும் என்ட்ட சொல்லாம சாவடிச்சவன் எவன்னு எனக்குத் தெரியணும்! ஒரு நாள் பூரா செத்துப் பொழச்சிருக்கேன்! அவன் மேல நான் கம்ப்ளைன்ட் குடுக்கேன்! அவன விடவே கூடாது!"

"உறுதியாச் சொல்லுதியா?"

"உறுதி சார்!"

"ஆளு வெளியதான் நிக்கு. கூப்பிடட்டா?"

"கூப்பிடுங்க சார் அந்த நாய!"

கதவு திறந்தது.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஜெப்ஸி நின்றாள்.

"நான்தான். என்ன இப்ப?"

அறையில் இருமல்கூட இல்லை. அட்டை கிளைட்டன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூச்சை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நாயா? ம்... சாவப்போறேன்னு நெனச்சு ஒரு நாள் மனுஷனா இருந்திய. கண்ணுக்கு நல்லா இருந்துச்சு," என்றாள் ஜெப்ஸி அமைதியாக. "இப்ப பொழச்சிட்டிய. சந்தோஷம். வீட்டுக்கு வாங்க... மிச்சத்தப் பேசிக்கிடுவோம்."

கிளைட்டன் மெதுவாகத் திரும்பினான். இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, விலங்குக்குத் தோதாக அருமைநாயகத்தின் முன்னால் நீட்டினான்.

"சார்... கோர்ட்ல யாராச்சும் ஜாமீன் கீமீன்னு ஆரம்பிச்சா... காலப் பிடிச்சுக் கேட்டுக்கிடுதேன், கடுமையா எதிர்ப்பு தெரிவிச்சிருங்க!"